ஒயில் துடைத்த துணி

போன மாதம் அக்காவின் மகன் புதுக் கார் ஒன்றில் வந்திறங்கினான். பெற்றோலிலும் பற்றரியிலும் மாறி மாறி ஓடுகிற ஹைபிரிட் கார். காலையில் முதல் தரம் எஞ்சின் பிடிக்கும்போது கார் முழுக்க நடுங்குகிறது, உள்ளே என்னவோ தட்டுகிறது, கராஜ்களில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள் என்று முறைப்பட்டான்.

"மாமா, நீங்கள் ஒருக்காக் காது குடுத்துப் பாருங்கோவன்."

நான் காது கொடுக்கவில்லை. ஒயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பழந்துணியில் துடைத்தேன். துணியை முற்றத்துக் கல்லின் மேல் போட்டு நெருப்புக்குச்சி கிழித்து வைத்தேன். துணி சோம்பல்பட்டுக் கருகிப் புகைந்தது. ஒயிலில் பிழையில்லை, இனி மற்றவற்றைப் பார்ப்போம் என்றேன். மாமாவுக்கு விசர் பிடித்துவிட்டதோ என்று யோசிப்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. நான் விளக்கம் சொல்லவில்லை. அந்தக் கதையை நின்ற நிலையில் சொல்ல முடியாது.

இரண்டில் ஓடுகிற கார் எனக்குப் புதிதல்ல. போரில் பாதை பூட்டி, வன்னிக்குள் சாமான் ஒன்றும் வராத நாட்களில் விசுவமடுவில் என்னிடம் ஒன்று நின்றது. என்னைவிட இரண்டு வயது மூத்த கார். பெற்றோல் கண்ணில் காட்டக் கிடைக்காது, மண்ணெண்ணெய் ஓரளவு கிடைக்கும். பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்ட வன்னியில் அன்று எல்லோருக்கும் தெரியும். எஞ்சினை மூடுகிற பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் தொங்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று காபரேற்றருக்குப் போகும். காலையில் அந்தப் பெற்றோலில் எஞ்சினைப் பிடிக்க வைத்து, சூடேறும் வரை விட்டு, பிறகு ஒரு சின்னத் திருகியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஆகாது. சூடேற, பால் விடாத ஒரு பிளேன்ரீ ஆறுதலாகக் குடித்து முடிக்கிற நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுக்கப் பெற்றோல் போய்க்கொண்டிருக்கும்.

நான் அந்தக் காரைக் கூலிக்கு ஓட்டினேன். சந்தைக்கு, கோயிலுக்கு, ஆஸ்பத்திரிக்கு. மூடிய பொனற்றின் மேல் கையை வைத்தே எந்தப் பிளக் சோர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்று ஊர் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பாதி உண்மை. மீதி வாய்.

கலியாணம் முடித்து ஆறு வருடங்களுக்குப் பிறகு மனைவியின் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான். வலி வருகிற நேரத்தில் கார் வேலை செய்யாமல் போனால்? கிளிநொச்சி ஆஸ்பத்திரி எங்களுக்குக் கிட்ட இல்லை. றோட்டு குண்டும் குழியும். வானத்தில் குண்டு போடுகிற கிபிர் விமானம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இவ்வளவுக்கும் நடுவில் மண்ணெண்ணெயில் இருமி இருமிப் போகிற காரில் அவளை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. அவளைக் கொண்டுபோகிற அன்று தொடக்கத்திலிருந்து கடைசிவரை பெற்றோலில்தான் ஓடுவேன் என்று முடிவெடுத்தேன்.

அதற்குப் பெற்றோல் சேர்க்க வேண்டும். எப்படிச் சேர்ப்பது? காலையில் பிளேன்ரீ குடித்து முடியும் வரை காத்திருப்பதை விட்டேன். பாதி ரீயிலேயே மண்ணெண்ணெய்க்கு மாற்றினேன். பிறகு இரண்டு மிடறில் மாற்றினேன். மார்கழி பிறக்கும்போது, கார் வீட்டுப் படலையைத் தாண்ட முன்னமே திருகியைத் திருப்பப் பழகியிருந்தேன். ஒவ்வொரு காலையும் அப்படி மிஞ்சிய பெற்றோலை ஒரு மூடி, இரண்டு மூடியாகச் சோடாப் போத்தல்களில் ஊற்றி, வீட்டுக்குப் பின்னால் மணலில் கழுத்தளவுக்குப் புதைத்து வைத்தேன். மூன்று போத்தல் நிறைந்தது. அதைப் பார்க்கிறபோது, இந்தப் பிள்ளைக்கு நான் ஏதோ செய்துகொண்டிருக்கிறேன் என்று மனம் குளிரும்.

காருக்கு அது பிடிக்கவில்லை. பனிக்குளிரில் எஞ்சின் பிடிக்கும்போது காய்ச்சல்காரனைப் போல உதறும். திருகியைத் திருப்பியவுடன் புகை கக்கும், நிற்கப் பார்க்கும், காலால் மிதித்து மிதித்துக் காப்பாற்ற வேண்டும். நான் கவலைப்படவில்லை. ஏனென்றால் ஒயில் குறையவே இல்லை. மற்றவர்களின் கார்கள் ஒயில் குடிக்கின்றன, ஊற்ற ஒயிலும் கிடைப்பதில்லை என்று தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்கள். என் காரில் கம்பியை உருவினால் ஒயில் மேல்கோட்டில் நிற்கும். ஒரு நாள் கோட்டையும் தாண்டி நின்றது. அதையும் நான் பெருமையாக நாலுபேருக்குச் சொன்னேன்.

வீட்டிலும் அப்படித்தான். ஈர்க்குப் போல இருந்த மனைவி பொலிந்துகொண்டு வந்தாள். முகம் வட்டமாயிற்று. கைவிரல் மோதிரம் கழற்ற முடியாமல் இறுகியது. செருப்புக்குள் கால் நுழையவில்லை என்று என் செருப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தாள். அவளுடைய தாய், என் மாமி, பிள்ளைப்பேற்றுக்காக எங்களோடு வந்து நின்றா. "இப்பதான் பிள்ளைத்தாச்சி மாதிரி இருக்கிறாள்," என்று மாமி சந்தோஷப்பட்டா. நானும் சந்தோஷப்பட்டேன்.

அந்த நாட்களில்தான் தட்டுகிற சத்தம் தொடங்கியது.

மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின் மேட்டில் இழுக்கும்போது மேல்பக்கத்தில் கிலுகிலு என்று தட்டும். அது எல்லோருடைய காருக்கும் உள்ளது. பிளக் நெருப்பு விழுகிற நேரத்தை ஒரு மயிரிழை பிந்த விட்டால் அடங்கும். நான் விட்டேன், அடங்கவில்லை. இன்னும் பிந்த விட்டேன், இழுவை குறைந்ததே தவிரச் சத்தம் குறையவில்லை. இது வேறு சத்தம். கீழே, அடிவயிற்றிலிருந்து, டொக் டொக் என்று வந்தது. எனக்கு அது கேட்கத்தான் செய்தது. ஆனால் அதைச் சாதாரண மண்ணெண்ணெய்த் தட்டு என்றே வைத்துக்கொண்டேன். அடியில் தட்டுகிறது என்றால் பெயாரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மாற்றுப் பெயாரிங் வன்னி முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பயந்தவன் சத்தத்துக்குத் தனக்கு வசதியான பேரைத்தான் வைப்பான்.

அந்தச் சத்தத்தால் இன்னொரு பயமும் வந்தது. அப்போது நாங்கள் எல்லோரும் காதால்தான் உயிர் வாழ்ந்தோம். வண்டு என்று நாங்கள் சொல்கிற ஆளில்லாத விமானம் மேலே முரலும், கொஞ்ச நேரத்தில் கிபிர் வரும். காருக்குள் டொக் டொக் என்று தட்டினால் வண்டின் சத்தம் எப்படிக் கேட்கும்? ஓடுகிற வழியில் எஞ்சினை நிறுத்தி, தலையை வெளியே நீட்டி வானத்தைக் கேட்பேன். பிறகு எஞ்சினைப் பிடிக்க வைக்கப் படாத பாடு படுவேன். நிறுத்தினாலும் பயம், நிறுத்தாவிட்டாலும் பயம்.

ஒரு காலையில் மனைவி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தாலும் விறகெல்லாம் ஈரம். நான் ஒயில் கம்பி துடைத்துப் போடுகிற துணிகளைப் பொறுக்கிவைத்து அடுப்புக்குள் செருகுவது அவள் வழக்கம். ஒயில் துணி மெதுவாகத்தான் பிடிக்கும், ஆனால் நின்று எரியும். அன்று குசினியிலிருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட ஒயில் துணி பக்கெண்டு பத்துது. மண்ணெண்ணெயில தோய்ச்ச மாதிரி."

"எல்லாம் மண்ணெண்ணெய்தானே மணக்குது. கையிலயும் மண்ணெண்ணெய், சட்டையிலயும் மண்ணெண்ணெய்."

"மணத்தைச் சொல்லேல்லை. பத்துறதைச் சொல்லுறன். புருவம் கருகப் பாத்துது."

"நீர் அடுப்பைப் பாரும். காரை நான் பாக்கிறன்," என்று சீறி விழுந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். எஞ்சின் பற்றி எனக்கு ஒருவர் சொல்லித் தருவதா என்பதுதான் அந்தக் கோபம். அவள் குனிந்து அடுப்பை ஊதத் தொடங்கினாள்.

அதிலிருந்து ஒரு கிழமை இருக்கும். தாதிமாரைப் போலவே நாங்கள் மிசி என்று கூப்பிடுகிற மருத்துவமாது சைக்கிளில் வந்தா. பிள்ளை பிறக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. மனைவியின் கணைக்காலில் பெருவிரலை வைத்து அமத்தினா. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே கிடந்தது. மிசி கையில் பட்டியைச் சுற்றிப் பிரசர் பார்த்தா. ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தா. பிறகு என்னை வெளியே கூப்பிட்டா.

"இது கொழுப்பில்லை, தம்பி. உடம்பில நீர் கட்டியிருக்கு. பிரசர் கடுமையா ஏறியிருக்கு. இண்டைக்கே, இப்பவே கிளிநொச்சிக்குக் கொண்டு போகவேணும்."

"ஆம்புலன்ஸ்?"

"காலமை வேற ஆக்களை ஏத்திக்கொண்டு போட்டுது. எப்ப வருமெண்டு தெரியாது. உங்களிட்டைக் கார் இருக்குத்தானே? ஒண்டு சொல்லுறன், கவனமாக் கேளுங்கோ. அவாவுக்குச் சத்தமும் வெளிச்சமும் கூடாது. அதிர்ச்சி கூடாது. வலிப்பு வந்திட்டால் தாயும் தப்பாது, பிள்ளையும் தப்பாது."

என் காரில் சத்தம் கூடாதாம்.

மாமியும் மிசியும் அவளைப் புறப்படுத்த, நான் போய் எஞ்சினைப் பிடிக்க வைத்தேன். டொக் டொக் என்று தொடங்கியது. இனியும் என்னை நானே ஏமாற்ற நேரமில்லை. ஓடுகிற எஞ்சினில் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். முதலாவதைக் கழற்றியபோதும் சத்தம் மாறவில்லை, இரண்டாவதிலும் மாறவில்லை. மூன்றாவதைக் கழற்றினேன். சத்தம் அமுங்கியது. வயரைத் திரும்பக் கொழுவினேன், திரும்ப வந்தது. ஸ்குறூ டிறைவரின் நுனியை எஞ்சின் அடியில் வைத்து, பிடியில் காதை வைத்துக் கேட்டேன். மூன்றாவது பெயாரிங். சந்தேகமே இல்லை.

ஏன் போனது? ஒயில்தான் நிறைய நிற்கிறதே என்று கம்பியை உருவினேன். மேல்கோட்டைத் தாண்டி இரண்டு விரல் உயரத்தில் நின்றது. அப்போதுதான் அவள் சொன்னது மண்டைக்குள் விழுந்தது. கம்பியைத் துணியில் துடைத்து நெருப்பு வைத்தேன். பக்கென்று என் கைக்கு மேலே எழுந்தது.

எரியாத மண்ணெண்ணெய் முழுக்க ஒயிலுக்குள் இறங்கியிருக்கிறது. சூடேறாத எஞ்சினில், காலை காலையாக, நான் திருப்பிய திருகியால் இறங்கியிருக்கிறது. ஒயில் குறையாத கார் என்று நான் பீற்றியது இதைத்தான். தண்ணீராகிப்போன ஒயிலில் பெயாரிங் தேய்ந்து தட்டியிருக்கிறது. அவளுக்காக மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்தே, அவளைக் கொண்டுபோக வேண்டிய காரை நான் கொன்றுகொண்டிருந்திருக்கிறேன். எனக்கு உரத்து அழவேண்டும் போல இருந்தது. அதற்கும் சத்தம் கூடாது.

ஊற்ற வேறு ஒயில் இல்லை. குசினிக்குள் ஓடினேன். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறி காய்ச்சிக் கொடுக்கவென்று மாமி நாலு போத்தல் நல்லெண்ணெய் சேர்த்து வைத்திருந்தா. நான் அதைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு மாமி ஒரு கணம் என்னையே பார்த்தா. பிறகு அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஐந்தாவது போத்தலையும் எடுத்து நீட்டினா. பழைய ஒயிலை நிலத்திலேயே திறந்து விட்டேன், தண்ணீர் போல ஓடிப்போனது. நல்லெண்ணெய் ஐந்தையும் ஊற்றினேன். மணலில் இருந்த பெற்றோல் முழுக்கப் பொனற்றுக்குள் ஏறியது. கையைத் துடைத்த துணியைப் பின் இருக்கையில் எறிந்துவிட்டு எஞ்சினைப் பிடிக்க வைத்தேன். டொக் சத்தம் இருந்தது, ஆனால் தடித்த துணிக்குள் இருந்து வருவது போல அமுங்கியிருந்தது.

கண்ணாடிகளில் மாமியின் சேலைகளைக் கட்டி வெளிச்சத்தை மறைத்தோம். மனைவி பின்னால் மாமியின் மடியில் தலை வைத்துப் படுத்தாள். மிசி வெளியே நின்று கதவைச் சத்தம் வராமல் சாத்தினா.

ஓட்டத்தில் வேகம் கூட்டினால் தட்டும், குறைத்தால் நேரம் போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகத்தைக் காலால் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டேன். கார் வடை சுடுகிற மணத்தோடு போனது. பின்னால் அவள் மெல்ல முனகிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு குழியிலும் அந்த முனகல் நின்று திரும்ப வரும் வரை நான் மூச்சு விடவில்லை.

தர்மபுரம் கழிந்த பிறகு, முன்னால் சைக்கிளில் போனவர்கள் திடீரென்று சைக்கிள்களைப் போட்டுவிட்டு வாய்க்காலுக்குள் குதித்தார்கள். கிபிர் வந்திருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. காரை நிறுத்தி அவளை இறக்க வேண்டுமா? நிறுத்தினால் எஞ்சின் திரும்பப் பிடிக்குமா? நிறுத்தாமல் ஓட்டினேன். அது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எங்கேயோ தெற்குப் பக்கம் குண்டு விழுந்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன. சேலைகள் ஆடின.

முரசுமோட்டை வயல்கள் வந்தபோது ஒரு மாட்டுப் பட்டி றோட்டைக் கடந்துகொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்து நின்றேன். எஞ்சின் மெதுவாக ஓடியது. அந்த அமைதியில்தான் உணர்ந்தேன், முனகல் கேட்கவில்லை. பின் இருக்கையில் ஒரு சத்தமும் இல்லை. காலையிலிருந்து சத்தம் வரக்கூடாது என்று கும்பிட்ட நான், ஒரு சின்னச் சத்தம் வராதா என்று கும்பிட்டேன்.

"மாமி, என்ன செய்யிறாள்?"

நான் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கப் போனேன்.

"றோட்டைப் பாருங்கோ தம்பி," என்றா மாமி. "நீங்கள் றோட்டை மட்டும் பாருங்கோ."

அந்தக் குரலில் ஒன்றுமே தெரியவில்லை. மாடுகள் கடந்தன. பரந்தன் சந்தி திரும்பியபோது திருகியைத் தொட்டுப் பார்த்தேன், பெற்றோலிலேயே நின்றது. ஆஸ்பத்திரிப் படலைக்குள் நுழையும்போது போத்தலில் குமிழிதான் மிச்சம் இருந்தது.

தள்ளுவண்டியில் அவளை ஏற்றியபோதுதான் பார்த்தேன். கண்கள் மேலே செருகியிருந்தன. வாயில் ஒரு துணி. நான் கை துடைத்து எறிந்த துணி. வலிப்பு வந்தபோது நாக்கைக் கடிக்காமல் இருக்கக் கையில் அகப்பட்டதை மாமி பல்லிடையில் வைத்திருந்தா. முரசுமோட்டையிலிருந்து அங்குவரை, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், மகளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறா.

தாதி துணியை எடுத்து முகர்ந்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா.

"மண்ணெண்ணெய் மணக்குது. குடிச்சவவோ? வீட்டில ஏதும் சண்டையோ?"

"இல்லை மிசி. அது கார்த் துணி."

"உண்மையைச் சொல்லுங்கோ."

"கார்த் துணிதான் மிசி," என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கதவு மூடிய பிறகும் வெளியே நின்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேனாம். மாமி பிறகு சொன்னா.

வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை, ஒரு கையில் அடங்குகிற அளவு. அழ நேரமெடுத்தாள், ஆனால் அழுதாள். தாய் மூன்று நாள் கண் திறக்கவில்லை. நான் வெளியே காருக்குள் இருந்தேன். இரண்டாம் நாள் சும்மா ஒருக்கால் சாவியைத் திருப்பிப் பார்த்தேன். டொக் என்று ஒரே ஒரு சத்தம், அதோடு எஞ்சின் இறுகிவிட்டது. அந்தக் கார் அதற்குப் பிறகு ஓடவே இல்லை. எனக்கு அது கொஞ்சமும் வலிக்கவில்லை.

நாலாம் நாள் என்னை உள்ளே விட்டார்கள். அவள் முகம் வற்றி, பழைய முகம் திரும்பியிருந்தது. கட்டிலருகே குந்தினேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டேன்.

"நீர் சொன்னதுதான் சரி. ஒயிலுக்குள்ள மண்ணெண்ணெய்தான் இறங்கியிருந்தது. அதுதான் துணி அப்பிடிப் பத்தினது."

அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"அண்டைக்கு நான் ரெண்டு விஷயம் சொன்னனான்," என்றாள். கோபமில்லாமல்தான் சொன்னாள். "துணி பத்துதெண்டும் சொன்னனான். விடியத் தொடங்கித் தலையிடிக்குது, கண் மங்கலாத் தெரியுது எண்டும் சொன்னனான்."

அந்தக் காலையை நான் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன். ஈர விறகு நினைவிருக்கிறது. அவள் சொன்ன புருவம் நினைவிருக்கிறது. நான் சீறியது சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. தலையிடிக்குது என்று அவள் சொன்னது மட்டும் இன்றுவரை எனக்கு நினைவில்லை.